லில்லிபாய்க்கு ஒரு குயில்

ஜெயசீலியின் மகன் போனில் காட்டினான்.
எங்கோ பனி பெய்யும் ஊரில் ஒருத்தி
துண்டுத் துணிகளை ஒட்டிக்கொண்டிருந்தாள்.
குயில்ட் என்றான்.
எங்களுக்குக் குயில் என்று கேட்டது.
அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கருங்கல் அண்டி ஆபீசில்
தோடு உடைக்கும் வரிசையில்
எனக்கு இடப்பக்கத்துப் பலகை
தை மாதத்திலிருந்து காலி.
அதில் இருந்தவளுக்கு
வாரம் இரண்டு தடவை ஆசாரிபள்ளத்தில்
ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவுகிறார்கள்.
போன சூட்டோடு அது திரும்புவதில்லை.
"பேச்சிப்பாறைத் தண்ணிய
நரம்புல தொறந்து விட்டமாதிரி இருக்கு பிள்ளே"
என்றாள்.
வெளியே பங்குனி வெயில்,
தார் இளகிக்கிடந்தது.

துணி கேட்டோம்.
பாடகர் குழு அங்கியிலிருந்து ஒரு கை வந்தது.
மைமூன் துப்பட்டியில் ஒரு முழம் கிழித்தாள்.
யாரோ ஒரு பிள்ளையின் கட்டம் போட்ட யூனிபார்ம்,
பையில் இன்னும் ஒரு மிட்டாய்த் தாள்.
சூப்பர்வைசர் எட்வின்ராஜ்
அவன் கட்சிக் கொடியை நீட்டினான்.
தலைகீழாகத்தான் வைப்பேன் என்றாள் ஜெயசீலி.
வைத்தாள்.

உள்ளே வைக்க என்னிடம் ஒன்று இருந்தது.
தம்மாமிலிருந்து அவர் கொண்டுவந்த கம்பளி,
புலிப்படம் போட்டது.
பன்னிரண்டு வருடத்தில்
அதைப் போர்த்தும்படி ஒரு ராத்திரிகூட
இந்த ஊரில் விடியவில்லை.
இப்போது குயிலுக்குள் புலி படுத்திருக்கிறது.

ரேஷன் கடை மிஷினுக்கு
எங்கள் விரல்களை அடையாளம் தெரியாது.
தோட்டெண்ணெய் ரேகைகளைத் தின்றுவிட்டது.
ஊசி குத்தினாலும்
ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம்.
ஒருநாள் மத்தியானம்
என் நைட்டியையும் சேர்த்துத் தைத்துவிட்டு
எழுந்திருக்கமுடியாமல் இருந்தேன்.
ஆபீசே சிரித்தது.
மூலைக்கு மூலை எதுவும் சேரவில்லை.
சேரவேண்டும் என்று யார் சொன்னது?

நட்டநடுவில் ஒரு கட்டம் மிச்சம்.
எல்லோரும் போனபிறகு
பீரோவின் அடித்தட்டைத் திறந்தேன்.
கிளிப்பச்சைப் பட்டு,
கத்திரிப்பூ நிறத்தில் கரை.
பதினொரு வருடத்துக்கு முன்
நாத்தனார் கல்யாணத்துக்கு
லில்லிபாயிடம் இரவல் வாங்கியது.
ரயிலில் விட்டுவிட்டேன் என்று சொன்னேன்.
குழித்துறை ஸ்டேஷன்வரை என்னோடு தேட வந்தாள்.
நல்ல மழை.
எனக்கு டீ வாங்கித் தந்தாள்.
ஒரு சாரிக்குப்போய் அழுவாங்களா என்றாள்.
சாரிக்கு நான் அழவில்லை.

அதை ஒருநாளும் உடுத்தவில்லை.
எங்கே போய் உடுத்த?
கத்திரி வைத்தபோது
பட்டு கிழியும் சத்தம்
அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

செவ்வாய்க்கிழமை.
வெளிப்போர்வை கூடாது என்றாள் நர்ஸ்.
வெந்நீரில் அவித்து
வெயிலில் காயவைத்ததைச் சொன்னோம்.
டியூப் இருக்கும் கையை மட்டும் மூடாதீங்க
என்று போய்விட்டாள்.

லில்லிபாய் கண்ணைத் திறக்கவில்லை.
இன்னொரு கை
கட்டம் கட்டமாகத் தடவிக்கொண்டு வந்தது,
முழுப்பருப்பு எது உடைசல் எது என்று
இருட்டிலும் பிரிக்கிற கை.
துப்பட்டியைத் தாண்டியது.
கொடியைத் தாண்டியது.
நடுவில் நின்றது.

மிஷின் சுற்றிக்கொண்டிருந்தது.
நான் அதன் நம்பர்களைப் படித்தேன்,
ஒன்றும் புரியாமல்,
திரும்பத் திரும்ப.

"ரயிலு இப்பம்தான் வந்துதா பிள்ளே?"

எனக்கு நாக்கு எழவில்லை.
கொஞ்சம் கழித்து,
"மிச்சம் எங்க?"
பீரோவில் என்றேன்.
"வெட்டிராத. வெள்ளிக்கிழமை கொண்டுவா."
சொல்லிவிட்டு
புலியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.
கால்பக்கத்து ஓரம்
மடித்துத் தைக்காமல் கிடந்தது.
அந்தப் பக்கமாய் ஸ்டூலை நகர்த்திப் போட்டு
நூல் கோத்தேன்.